அக்காவின் கிளினிக் கொப்பி

(சப்ரகமுவ தோட்டப் பெண் அங்கத்தவர் கூட்டத்தில் மாதர் பிரிவுத் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் பெரியக்கா இன்னும் கொழுந்துக்குப் போகிறவர். அவருக்குப் பிரசரும் சீனியும் இருக்கிறதென்று போன வருசம் கிளினிக்கில் கொப்பியில் எழுதிக் கொடுத்தார்கள். எழுதியது சிங்களத்தில். வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. கடை முதலாளிதான் வாசித்துச் சொன்னார்: "தினமும் அரை மணித்தியாலம் நடக்கணுமாம்." சாமான் வாங்க நின்ற ஏழெட்டுப் பேருக்கும் அக்காவின் வருத்தம் தெரிந்துபோனது.

நடக்கச் சொன்னது பிழையில்லை. ஆனால் யாரிடம் சொல்கிறார்கள்? விடிய எழும்பி, தண்ணீர் தூக்கி, சமைத்து, பிரட்டுக்கு ஓடி, கொழுந்தோடு மலை ஏறி இறங்குகிறவரிடம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட உடலசைவு போதும் என்கிறது. நமக்கு அது ஒரே நாளில் முடிந்துவிடும். பிறகு ஏன் வருத்தம்? சுமையோடு, ஓய்வில்லாமல் செய்கிற வேலை, ஆறுதலாக நடக்கிற நடையின் பலனைத் தருவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மலையில் கக்கூசு இல்லை என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம். மூத்திரக் கடுப்பு வந்தால் ஆம்பிளைக் கங்காணியிடம் எப்படிச் சொல்வது? மைதானம் இருக்கிறதே என்பீர்கள். பின்னேரம் அது பொடியன்மாருக்கு.

பெண்ணுக்கு ஒரு கஷ்டம், தொழிலாளிக்கு ஒரு கஷ்டம், தமிழருக்கு ஒரு கஷ்டம் என்று தனித்தனியாகப் பேசுகிறோம். அக்காவுக்கு எல்லாம் ஒன்றாக வந்தது. கிளினிக் போனால் பேர் போகும், போனாலும் பாஷை விளங்காது. நுவரெலியாவில் நம்மவர்கள் கூட. இரத்தினபுரி, கேகாலையில் நாம் கொஞ்சப் பேர். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். அக்காவின் கொப்பிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது. அதோடு பெண்கள் காரியம் முடிந்தது என்று நாமும் இருந்துவிட்டோம். நமக்குள்ளே என்பதால் சொல்கிறேன்.

சுவநாரி கிளினிக் 1996 முதல் நாட்டில் நடக்கிறது. 35, 45 வயதுப் பெண்களுக்குப் பிரசர், சீனி, மார்பு, கருப்பை வாசல் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். புற்றுநோய் என்றால் ஆரம்பத்திலேயே பிடிக்கலாம். அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் அங்கே நிற்க வேண்டும் என்று கேட்கப்போகிறோம். அதற்கு முதல், ஒவ்வொரு டிவிசன் மாதர் தலைவியும் இந்த வருசம் 35, 45 ஆகிறவர்களின் பேரை எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். என் பேரை முதலில் எழுதுங்கள். எனக்கு ஆவணியில் 45.