கறுப்புக் கோட்டுக்காரர் சிவராஜ்

(கள்ளக்குறிச்சியில் சிவராஜ் நினைவு நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சட்டம்னா என்னன்னு எங்கப்பாவைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஐம்பது ரூபா வாங்கிட்டு, ஐந்நூறுன்னு எழுதின புரோநோட்டுல கைநாட்டு வச்சவர். கோர்ட்டு வாசல்ல செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னார். உள்ளே பேசினது எதுவும் அவருக்குப் புரியல. அவருக்காகப் பேச உள்ளே ஆளும் இல்ல.

அப்படி உள்ளே போன ஒருத்தரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். என். சிவராஜ், 1892 செப்டம்பர் 29இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சட்டம் முடித்து வழக்கறிஞரானார். பிறகு சென்னை சட்டக் கல்லூரியில் பேராசிரியர். நம்ம பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல ஒதுக்கி உட்கார வச்ச காலம் அது. அந்தக் காலத்துல சாதி இந்துப் பையன்கள் இவர்கிட்ட சட்டம் படிச்சாங்க.

1926இல் சென்னை மாகாண சட்டசபைக்குப் போனார். 1937இல் மத்திய சட்டசபை. 1945இல் சென்னை மேயர். பதவி வந்ததும் சேரியை மறந்தவங்க நம்மில் உண்டு. இவர் மறக்கல. 1942 ஜூலையில் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் ஷெட்யூல்டு வகுப்பார் சம்மேளனத்தைத் தொடங்கினப்போ, அதுக்குத் தலைவர் சிவராஜ். 1957இல் இந்தியக் குடியரசுக் கட்சி உருவானப்போ, அதன் முதல் தலைவரும் அவர்தான். அதே வருஷம் செங்கல்பட்டிலிருந்து நாடாளுமன்றம் போனார். துணைவியார் அன்னை மீனாம்பாளும் மேடையேறி நமக்காகப் பேசினவங்கதான். 1964இல், பிறந்த தேதியிலேயே சிவராஜ் மறைந்தார்.

இங்கேருந்து கல்வராயன் மலையைப் பாருங்க. அரசியல் சட்டம் 1950இல் வந்துடுச்சு. அந்த மலையில் ஜாகீர்தார்களோட ஆட்சி ஒழிஞ்சது 1976இல். சிவராஜ் செத்தே 12 வருஷம் ஆகியிருந்தது. சட்டம் மலையேற 26 வருஷமா?

மலை தூரம்னு சொல்வீங்க. சரி, கருணாபுரம் தூரமா? டவுனுக்குள்ளேயே இருக்கு. 2024 ஜூனில் விஷச் சாராயம் 60 உயிருக்கு மேல குடிச்சது. செத்ததில் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போற நம்ம சனம். அப்போ தூரம் மைல் கணக்கில் இல்ல. நம்ம உயிருக்கு என்ன விலை போட்டிருக்காங்க என்பதில் இருக்கு.

ஒரு சிவராஜ் போதாது தோழர்களே. சேரிக்கு ஒருத்தர், மலைக்கு ஒருத்தர் சட்டம் படிக்கணும். படிச்சவங்க திரும்பி வரணும். அதுவரைக்கும் ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன்: யாராவது படிச்சுக் காட்டாத தாளில் கைநாட்டு வைக்காதீங்க.

எங்கப்பா வச்சது போதும்.