பகைவன் இழையைத் தைக்கும் கை
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

திலக் நகரிலே வாழும் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இம்மேடையில் இலக்கியமும் இசையும் நிறையக் கேட்டிருக்கிறோம். இன்று அறிவியலில் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கிறோம். கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியா, தன்னைக் கொல்ல வந்த வைரஸின் காயத்தைத் தானே ஆற்றி, அதனாலேயே மடிகிறது என்பதே அப்பொருள்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்கு பாக்டீரியோஃபேஜ் என்று பெயர். சுருக்கமாக ஃபேஜ் என்பர். இதன் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஆக்ராவில் பணியாற்றிய ஹான்கின் என்னும் ஆங்கிலேயர், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் விரைந்து மடிகின்றன என்றும், அந்நீரைக் காய்ச்சினால் அவ்வாற்றல் போய்விடுகிறது என்றும் 1896-இல் எழுதினார். அதற்குக் காரணம் ஃபேஜ்களே எனப் பிற்காலத்தார் பலர் கருதினர். அதை ஒப்பாதவரும் உண்டு. 1915-இல் இங்கிலாந்தின் ட்வொர்ட்டும், 1917-இல் பாரிஸில் டெரெலும் ஃபேஜ்களை உலகறியச் செய்தனர். டெரெல் 1920-களில் இந்தியாவுக்கு வந்து, காலரா நோயாளர்க்கு ஃபேஜை மருந்தாகக் கொடுத்துச் சோதித்தார்.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஆற்று நீரிலே மிதக்கும் ஃபேஜ் நாள் முழுதும் வெயிலில் காய்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் உயிரிழையாகிய டி.என்.ஏ.யைச் சிதைக்க வல்லது. அவ்விழையில் நான்கு வகை எழுத்துகள் வரிசையாய் நிற்கின்றன. அவற்றுள் தைமின் என்னும் எழுத்து இரண்டு அடுத்தடுத்து நிற்குமிடத்தில் கதிர் பட்டால், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இழையைப் படியெடுத்துச் செல்லும் நொதி அம்முடிச்சில் தட்டுப்பட்டு நின்றுவிடும். நொதி என்பது என்சைம். ஃபேஜுக்கோ சொந்தமான உடல் இயக்கம் ஏதும் இல்லை; அது வெறும் உறையில் இட்ட ஓலை. கிழிந்த ஓலையைத் தானே ஒட்டிக்கொள்ள அதனால் இயலாது. பின் எவ்வாறு பிழைக்கிறது?

விடையின் முதற்பகுதி 1949-இல் கிடைத்தது. அமெரிக்காவில் கெல்னர் என்பவர், புற ஊதாக் கதிரால் அடிபட்ட நுண்ணுயிர்கள் சாதாரண வெளிச்சத்தில் மீண்டெழுவதைக் கண்டார். அதே ஆண்டில் டுல்பெக்கோ, கதிரால் செயலிழந்த ஃபேஜ்களும் அவ்வாறே மீள்வதைக் கண்டார். ஆனால் தனித்துக் கிடக்கும் ஃபேஜுக்கு வெளிச்சத்தால் பயனில்லை. அது பாக்டீரியாவைப் பற்றிய பின்னரே வெளிச்சம் உதவியது. ஆகவே மருத்துவன் பாக்டீரியாவின் உள்ளே இருக்கிறான் என்பது தெளிவாயிற்று. அம்மருத்துவன் ஃபோட்டோலயேஸ் என்னும் நொதி. ஒளியின் ஆற்றலை வாங்கி, ஒட்டிய இரண்டு எழுத்துகளையும் பிரித்துவிடுவது அதன் தொழில்.

இருளிலும் நடைபெறும் மற்றொரு வேலை உண்டு. இருப்புப்பாதையோடு பழகிய நமக்கு அது எளிதில் விளங்கும். தண்டவாளத்தில் வெடிப்பு கண்டால் கேங்மேன்கள் என்ன செய்கிறார்கள்? பழுதுக்கு இருபுறமும் அறுத்து, அத்துண்டை அகற்றி, புதுத்துண்டை வைத்து, இணைப்பைப் பற்றவைக்கிறார்கள். பாக்டீரியாவிலும் இதே முறைதான். யுவிஆர்-ஏ, யுவிஆர்-பி என்னும் புரதங்கள் இழையைச் சோதித்துப் பழுதைக் கண்டுபிடிக்கின்றன. யுவிஆர்-சி இருபுறமும் வெட்டுகிறது. பன்னிரண்டு பதின்மூன்று எழுத்து நீளமுள்ள துண்டு கழற்றப்படுகிறது. எதிர் இழையைப் பார்த்து பாலிமரேஸ் இடைவெளியை நிரப்ப, லைகேஸ் முனைகளை இணைக்கிறது.

இவ்வேலையாட்களின் இருப்பைக் காட்டிக்கொடுத்ததில் ஃபேஜுக்குப் பெரும் பங்குண்டு. 1960-களில் ஹோவர்ட்-ஃபிளாண்டர்ஸ் குழுவினர், அடிபட்ட டி1 ஃபேஜைச் சீராக்கத் தவறும் பாக்டீரியாக்களைத் தேடிப் பிரித்தனர். எவற்றில் ஃபேஜ் பிழைக்கவில்லையோ, அவற்றில் பழுது பார்க்கும் ஜீன் கெட்டிருந்தது. அவ்வழியே ஏ, பி, சி என்னும் மூன்று ஜீன்களும் அறியப்பட்டன. பின்னர் இந்நொதிகளின் வேலையை விளக்கிய துருக்கி நாட்டவரான அஸீஸ் சன்ஜார், 2015-இல் லின்டால், மாட்ரிச் ஆகியோருடன் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அன்பர்களே, பாக்டீரியா செய்யும் இவ்வுதவியைக் கருணை என்று போற்றலாகாது. கேங்மேன் பாதையைப் பார்க்கிறானேயன்றி, அதன்மேல் எந்த வண்டி வரும் என்று பார்ப்பதில்லை. நொதியும் முடிச்சைக் காண்கிறதேயன்றி, அது யாருடைய இழை என்று கேட்பதில்லை. செப்பனிடப்பட்ட ஃபேஜ் தன் இனத்தைப் பெருக்குகிறது. சில வகைகளில் அரைமணிக்குள் பாக்டீரியா வெடித்து, நூற்றுக்கு மேற்பட்ட புதிய ஃபேஜ்கள் வெளிவரும். பாக்டீரியாவிடம் வேற்று இழையை வெட்டும் காவல் நொதிகள் வேறாக உண்டு. காவல் தப்பி உள்ளே வந்துவிட்டால், பழுது பார்ப்பவன் பகைவனுக்கும் பணியாளே. எல்லா ஃபேஜும் இவ்வாறு கையேந்துவதுமில்லை. டி4 என்னும் ஃபேஜ், பழுது பார்க்கும் நொதி ஒன்றுக்கான ஜீனைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது.

1953-இல் வைகிள் என்பவர் இன்னொன்று கண்டார். பாக்டீரியாவின்மீதும் முன்னரே சிறிது கதிரைப் பாய்ச்சினால், அதனுள் புகும் அடிபட்ட ஃபேஜ்கள் மேலும் மிகுதியாய்ப் பிழைத்தன. ஆனால் அவற்றின் எழுத்துப் பிழைகளும் பெருகின. ஆபத்துக் காலத்தில் பாக்டீரியா அவசர ஆட்களை இறக்குகிறது, அவர்கள் முடிச்சைத் தாண்டி எப்படியோ படியெடுத்து முடிக்கிறார்கள், திருத்தமாக எழுதுவதில்லை. கப்பலின் அபாயக் குறியை ஒட்டி இதற்கு எஸ்.ஓ.எஸ். என்று பெயர் வைத்தனர்.

வெயிலில் மிதக்கும் வைரஸ் எவ்வாறு பிழைக்கிறது என்னும் வினாவுக்குக் கடலிலும் விடை கிடைத்தது. கடல்நீரில் வெயிலால் அடிபடும் வைரஸ்களுள் கணிசமான பகுதியை, அவை புகும் பாக்டீரியாக்களின் ஒளி நொதிகளே மீட்கின்றன என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதனால் நமக்கென்ன என்று தாய்மார்கள் கேட்கலாம். இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, குடிநீர். நம்மில் பலர் வீட்டில் புற ஊதா விளக்குள்ள கருவி வைத்திருக்கிறோம். விளக்கு மங்கி, கதிர் குறைந்தால், அரைகுறையாய் அடிபட்ட பாக்டீரியாக்கள் வெளிச்சத்தில் மீள இடமுண்டு. ஆகவே விளக்கைக் காலத்தில் மாற்றுக. பிடித்த நீரை மூடிவைத்து விரைவில் பயன்படுத்துக. ஐயம் இருப்பின் நன்கு கொதிக்க வைத்து ஆற்றுக. கொதிநீரில் பழுது பார்க்கும் நொதியே குலைந்துபோகும். ஹான்கின் கண்ட ஆற்றலும் கொதிநீரில் அன்றோ அழிந்தது!

இரண்டாவது, நமது உடல். ஒளியால் முடிச்சவிழ்க்கும் நொதி மனிதருக்கு இல்லை. வெட்டித் தைக்கும் முறை மட்டும், வேறு புரதங்களின் துணையோடு, நம் தோலில் ஓயாமல் நடக்கிறது. அது பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு வெயிலே பகை. இளவயதிலேயே தோலில் புற்று தோன்றுகிறது. ஜீரோடெர்மா பிக்மென்டோசம் எனப்படும் அந்நோயின் காரணம் இப்பழுது பார்க்கும் வேலையின் குறையே என்று 1968-இல் கிளீவர் கண்டார். அத்தகையோரின் உயிரணுக்களைச் சோதிக்க, கதிர்பட்ட வைரஸை அவற்றுள் விட்டு, அது மீள்கிறதா என்று பார்க்கும் முறையும் கையாளப்பட்டது. பாக்டீரியாவிடம் கற்ற பாடம் பிணியாளர்க்குப் பயன்பட்டது.

இவ்வாராய்ச்சி எங்கோ தொலைவில் மட்டும் நடப்பதன்று. செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் டீனோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவை ஆராய்ந்துள்ளனர். மனிதனைக் கொல்லும் கதிர் அளவைப்போல் ஆயிரம் மடங்கைத் தாங்கி, துண்டு துண்டான தன் இழையை மீண்டும் கோத்துக்கொள்ளும் உயிர் அது. நம் குடியிருப்புப் பிள்ளைகளுள் சிலரேனும் நாளை அவ்வாயிலில் நுழைந்து இத்தகைய ஆராய்ச்சியில் ஈடுபட வேண்டும். கற்றதைத் தமிழில் இம்மேடைக்கு வந்து சொல்லவும் வேண்டும் என்று விழைந்து அமைகிறோம்.