எழுத்து மாறவில்லை, வாசிப்பு மாறியது
அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை



மரபணு ஒழுங்குபாடு என்றதும் நம் கை தானாக லாக் ஓபரானை வரையும். ஜேக்கப், மோனாட், 1961, ஈ.கோலை, லாக்டோஸ். ஐந்து மதிப்பெண் வினா என்று அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போனேன். அதே பாடம் ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் உடம்பில் நடக்கிறது என்று தெரிந்த பிறகு அப்படிப் போக முடியவில்லை. அவருடைய ஒப்புதலோடுதான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளி நீலகிரியில் இருக்கிறது. மார்கழி மாதத்துக் காலை வணக்கக் கூட்டத்தில் எங்கள் தமிழம்மாவின் விரல்கள் வெளுத்துவிடும். பிறகு நீலம் பாரிக்கும். உள்ளே வந்து டீ டம்ளரைப் பிடித்ததும் சிவக்கும். "தமிழம்மா விரலே சாக்பீஸ் ஆயிடுச்சு" என்று கேலி செய்வோம், அவரும் சிரிப்பார். சில ஆண்டுகளில் மாடிப்படியின் பாதியில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினார். ஆஸ்துமா என்றார்கள். சாக்பீஸ் தூசி என்றோம், வயது என்றோம். இன்ஹேலரோடு இரண்டு ஆண்டுகள் ஓடின. மருத்துவ முகாமில் இரத்த அழுத்தம் 120/80 இருந்தது. எல்லாருக்கும் நிம்மதி.

பிறகு பார்த்த ஒரு மருத்துவர்தான் நெஞ்சைவிட்டு விரல்களைக் கவனித்தார். குளிரில் இப்படி விரல் வெளுப்பதை மாரிஸ் ரேனாட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே விவரித்திருக்கிறார். பலருக்கு அது வந்து போகும், தீங்கில்லை. சிலருக்கோ அது ஸ்கிளீரோடெர்மா என்னும் சுயதடைகாப்பு நோயின் முதல் அறிகுறி. தோல் தடித்து இறுகும் நோய், பெண்களிடையே அதிகம். அந்த நோயாளிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நுரையீரல் தமனிகளில் அழுத்தம் கூடுகிறது.

கையில் பட்டை கட்டி அளப்பது உடல் சுற்றோட்டத்தின் அழுத்தத்தை மட்டுமே. நுரையீரல் சுற்றோட்டம் தனி. இரட்டைச் சுற்றோட்டத்தை நாமே படம் போட்டு நடத்துகிறோம், ஆனால் முகாமில் அது நினைவுக்கு வரவில்லை! நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் சுமார் 14 மி.மீ. பாதரசம்தான். 20ஐத் தாண்டினாலே மிகை. எக்கோ பரிசோதனை அதைச் சந்தேகிக்க உதவும். வலது இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளந்தால்தான் உறுதி.

ஏன் கூடுகிறது? இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒரே அடுக்காக எண்டோதீலியச் செல்கள் படிந்திருக்கின்றன. குழாயைத் தளர்த்த அவை நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன. சுருக்க எண்டோதீலினைச் சுரக்கின்றன. எண்டோதீலினை 1988இல் ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தில் யானாகிசாவா குழுவினர் கண்டறிந்தனர். ஸ்கிளீரோடெர்மாவில் இந்தச் சமநிலை குலைகிறது. எண்டோதீலின் மரபணு அதிகமாக வாசிக்கப்படுகிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. சில செல்கள் தாம் யார் என்பதையே மறந்து, நார் உற்பத்தி செய்யும் செல்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. குழாய்ச் சுவர் தடிக்கிறது, வழி குறுகுகிறது, வலது இதயம் திணறுகிறது.

வகுப்புக்கு நான் எடுத்துச் செல்வது இதற்கு அடுத்த பகுதியை. குடும்ப வழியாக வரும் நுரையீரல் தமனி மிகை அழுத்தத்தில் பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணுவில் பிழை இருப்பது 2000இல் தெரிந்தது. ஸ்கிளீரோடெர்மா நோயாளிகளிடம் அதே பிழையைத் தேடினால் பொதுவாகக் கிடைப்பதில்லை. எழுத்து சரியாகவே இருக்கிறது. ஆனால் அதன் வாசிப்பு குறைந்துள்ளது. நோயாளிகளின் எண்டோதீலியச் செல்களை ஆராய்ந்தபோது, அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் தொகுதிகள் கூடுதலாக ஒட்டியிருப்பது தெரியவந்தது. புத்தகத்தில் ஒரு சொல்லும் அழியவில்லை, பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. மடக்கிய காகிதத்தில் மைதா பசை தடவி இதை மாணவர்களுக்குக் காட்டுவேன். லாக் ஓபரான் படத்தைவிட நன்றாகப் புரிகிறது.

"எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தானே சார், அப்புறம் எப்படி?" என்று கேட்டவர்களுக்கு, முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லை என்ற விதிவிலக்கையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். இல்லையென்றால் பின்வரிசையிலிருந்து அதுவே அடுத்த கேள்வியாக வரும்.

மருந்துகளும் இந்த வழிகளைத்தான் பிடித்துப் போகின்றன. அமெரிக்காவில் 2001இல் அனுமதிக்கப்பட்ட போசென்டான், எண்டோதீலினின் ஏற்பிகளை அடைக்கிறது. சில்டெனாஃபில் நைட்ரிக் ஆக்சைடின் வேலையை நீட்டிக்கிறது. 2024இல் அங்கே அனுமதி பெற்ற சொட்டாட்டர்செப்ட், பி.எம்.பி.ஆர்.2 பாதையோடு போட்டியிடும் ஆக்டிவினைப் பிடித்துவைக்கிறது. இவை எவையும் நோயை முழுதாக நீக்குவதில்லை. சீக்கிரம் தொடங்கினால் பயன் கூடுதல். அந்த இரண்டு ஆண்டுகள்தான் எனக்கு இன்றும் உறுத்துகின்றன.

தமிழம்மாவின் வகுப்புகளை இப்போது கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டோம். காலைக் கூட்டத்துக்குக் கையுறையோடு வருகிறார். பசை தடவிய காகிதத்தை நான் காட்டிய அன்று, அவர் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "மறந்துபோன செல்லுக்கு மறுபடி ஞாபகப்படுத்த முடியுமா சார்?" 2006இல் யமனகா நான்கே மரபணுக்களைப் புகுத்தி, எலியின் முதிர்ந்த செல்லைக் குருத்தணு நிலைக்குத் திருப்பிய கதையைச் சொன்னேன். அது ஆய்வகத் தட்டில் நடந்தது, மூச்சுவிடும் நுரையீரலுக்குள் அல்ல என்றும் சொன்னேன். அவள் ஒட்டிய பக்கங்களை நகத்தால் மெல்லப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரம் கொஞ்சம் கிழிந்தது, எழுத்து தெரிந்தது.