வரைபடம் தெரிந்த எதிர்க்கட்சிக்காரர்



நவம்பர் 14 என்றால் நமக்கு என்ன நினைவு வரும்? நேரு பிறந்த நாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய். நெய்வேலிக்காரர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். 1956-ல் அதே தேதியில்தான் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. அந்தத் தேதிக்கு மூன்றாவது சொந்தக்காரர் ஒருவர் உண்டு. 1926 நவம்பர் 14-ல் பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர், பிலூ மோடி. நேரு பிறந்த நாளிலேயே பிறந்து, நேருவின் பொருளாதாரத்தையே எதிர்த்தவர். நம் நெய்வேலியோ அந்தப் பொருளாதாரத்தின் செல்லப்பிள்ளை. அப்படியிருக்க, அவரைப் பற்றிப் பேச நெய்வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் குறிஞ்சிப்பாடியை விட்டால் வேறு மேடை ஏது?

அப்பா சர் ஹோமி மோடி, உத்தரப் பிரதேச ஆளுநராக இருந்தவர். அண்ணன் ரூசி மோடி, டாடா ஸ்டீலை நடத்தியவர். பிலூ அமெரிக்காவில் பெர்க்லியில் கட்டடக்கலை படித்தார். அங்கே கூட இருந்தவர், பம்பாய்ப் பள்ளி நாளிலிருந்தே பழகிய சுல்ஃபிகர் அலி பூட்டோ. ஆமாம், பிறகு பாகிஸ்தானை ஆண்டாரே, அதே பூட்டோதான். 1972-ல் சிம்லாவில் இந்திரா காந்தியும் பூட்டோவும் பேச உட்கார்ந்தபோது, பிலூவும் அங்கே போய் நண்பரைப் பார்த்தார். வங்கதேசப் போர் முடிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. மறு ஆண்டே அந்த நட்பைப் புத்தகமாகவும் எழுதினார். அந்த நேரத்தில் அப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும், நினைத்துப் பாருங்கள்!

படித்து முடித்து நாடு திரும்பிய இளைஞர் போன இடம் சண்டிகர். பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் எழுந்துகொண்டிருந்த காலம். லெ கார்பூசியே தலைமையில் நடந்த அந்த வேலையில் பிலூவும் பங்கெடுத்தார். அங்கே செக்டார் செக்டாராக ஊர். நம் நெய்வேலி டவுன்ஷிப்பில் வட்டம் வட்டமாக ஊர். வீடு, பள்ளி, கடைத்தெரு, பூங்கா எல்லாம் ஓர் எண்ணுக்குள் அடக்கம். வெளியூர்ச் சொந்தக்காரர் வந்தால் அந்த நேர் சாலையையும் மர நிழலையும் நாம் பெருமையாகத்தானே காட்டுகிறோம்? தப்பில்லை. ஆனால் வரைகிற காகிதம் வெள்ளையாக இருந்தது, பூமி வெறுமையாக இல்லை. சண்டிகர் நிற்கும் இடத்தில் கிராமங்கள் இருந்தன. நெய்வேலி நிற்கும் இடத்திலும் ஊரும் கோயிலும் முந்திரித் தோப்பும் இருந்தன.

1959-ல் நாக்பூர் மாநாட்டில் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை என்று தீர்மானம் போட்டது. உழவன் நிலம் உழவன் கையில் நிற்குமா என்ற கேள்வி எழுந்தது. அதே ஆண்டு சென்னையில் ராஜாஜி சுதந்திராக் கட்சியை அறிவித்தார். லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம் ஒழிய வேண்டும் என்றார். பிலூ அந்தக் கட்சிக்குப் போனார். அரசாங்கம் வரைந்த நகரத்தில் பென்சில் பிடித்தவரே, அரசாங்கம் எல்லாவற்றையும் வரையக் கூடாது என்று வாதாடினார். 1967-ல் குஜராத்தின் கோத்ராவிலிருந்து மக்களவைக்கு வந்தார். அந்த முறை 44 இடங்களோடு சுதந்திராதான் பெரிய எதிர்க்கட்சி. இங்கே அண்ணாவின் கூட்டணியிலும் அந்தக் கட்சி இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

எதிர்த்தார் என்றால் சாபம் விட்டு எதிர்க்கவில்லை, சிரிக்கவைத்து எதிர்த்தார். எதற்கெடுத்தாலும் அந்நியச் சதி, சி.ஐ.ஏ. சதி என்று ஆளுங்கட்சி சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பிலூ ஒருநாள், 'நான் சி.ஐ.ஏ. ஏஜென்ட்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாடாளுமன்றத்துக்குள் நடந்தார். அந்தப் பருத்த உடம்பும் அந்த அட்டையும் சேர்ந்து வந்த பிறகு, அந்தக் குற்றச்சாட்டுக்கு என்ன மதிப்பு மிஞ்சும்? நெருக்கடி நிலையில் அவரைச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தார், 1978-ல் மாநிலங்களவைக்குப் போனார், 1983 ஜனவரியில் 56 வயதில் காலமானார்.

அவர் கட்சி சொன்னதெல்லாம் சரி என்று வாதாட நான் வரவில்லை. அதற்கு நம் ஊரே தடை. நிலக்கரிக்கு மேலே ஐம்பது அறுபது மீட்டருக்கு மண். கீழே முட்டிக்கொண்டு நிற்கிற ஊற்றுநீர். இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் முழுகாது. இங்கே நிலம் வைத்திருந்த ஜம்புலிங்க முதலியார் கிணறு வெட்டிக் கரியைக் கண்ட காலத்தில், இத்தனை பணத்தைக் கொட்ட எந்த முதலாளி வந்தார்? அரசாங்கம்தான் வந்தது. அதனால் விளக்கு எரிந்தது, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. சுதந்திராவின் வாதத்துக்கு நெய்வேலியே பதில்.

ஆனால் நெய்வேலிக்கும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நட்டு வளர்ந்து நின்ற நெல்லுக்குள் பொக்லைன் இறங்கியது. முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நெய்வேலி நிறுவனம். அறுவடைவரை பொறுக்கக் கூடாதா என்று கேட்டார் உழவர். தாள் ஒரு பக்கம், பயிர் ஒரு பக்கம். அதே மாவட்டத்தில், இதோ பக்கத்து வடலூரில், 1867-ல் வள்ளலார் பசித்தோருக்குச் சோறிடும் தருமசாலை தொடங்கப் பார்வதிபுரத்து மக்கள் தாங்களே நிலத்தை எழுதிக்கொடுத்தார்கள். மனமுவந்து கொடுத்த நிலத்தில் இன்றும் அடுப்பு அணையவில்லை.

திட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. திட்டத்துக்குள் ஓர் எதிர்க்குரல் இருக்க வேண்டும், அதுவும் வரைபடம் படிக்கத் தெரிந்த குரலாக இருக்க வேண்டும் என்கிறேன். பிலூ மோடியிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு என்று ஒன்றை வைத்திருக்கிறது. எத்தனை பேர் அதைக் கேட்டுப் படித்திருக்கிறோம்? தம்பிகளே, பொறியியல் படித்தவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறீர்கள். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். வரைபடத்தை விரிக்கச் சொல்லுங்கள். சர்வே எண்ணை விரல் வைத்துப் பெரியவர்களுக்குக் காட்டுங்கள். கோபத்தோடு மட்டும் போகாதீர்கள், கணக்கோடும் போங்கள். முடிந்தால் கொஞ்சம் நகைச்சுவையும் எடுத்துப் போங்கள், அதிகாரிகள் அதற்குத்தான் பயப்படுவார்கள்!