எங்கள் மலையின் மூச்சுக் கணக்கு
(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விஞ்ஞான ஆய்வுகூடத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாயால் ஊதியது உங்களுக்கும் நினைவிருக்கும். நீர் பால் நிறமானது. நாம் விடும் மூச்சில் காபனீரொட்சைட்டு இருக்கிறது என்று கொப்பியில் எழுதினோம். எவ்வளவு இருக்கிறது என்று அன்று நாங்கள் கேட்கவில்லை.

மருத்துவர்களான பிறகு அந்தக் கேள்வியே எங்கள் அன்றாட வேலையாயிற்று. உள்ளே இழுக்கும் காற்றில் அது பத்தாயிரத்தில் ஏறத்தாழ 4 பங்கு. வெளியே விடும் மூச்சில் நூற்றில் ஏறத்தாழ 4 பங்கு. சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்கத்தில் இருப்பவரின் ஒவ்வொரு மூச்சிலும் இதை ஒரு கருவி அளக்கிறது. இந்த வாயு வெப்பக் கதிர்களை உறிஞ்சும் என்று 1859இல் ஜோன் டிண்டல் கண்டறிந்ததே அந்தக் கருவிக்கு அடிப்படை.

நிலத்தின் மூச்சையும் அதே அடிப்படையில்தான் அளக்கிறார்கள். மரங்களுக்கு மேலே நிற்கும் கோபுரத்தில் இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று காற்று மேலே போகிறதா, கீழே வருகிறதா என்று பார்க்கும். மற்றது அந்தக் காற்றிலுள்ள வாயுவை அளக்கும். செக்கனுக்குப் பத்துத் தடவையோ அதற்கு மேலோ எடுத்த அளவுகளைச் சேர்த்து, அரை மணிக்கு ஒரு கணக்குப் போடுவார்கள். தமிழ்நாட்டில் பிச்சாவரம் கண்டல் காட்டில் இப்படியொரு கோபுரம் இருக்கிறது.

பகலில் இலைகள் வாயுவை எடுக்கின்றன. மண்ணும் வேரும் இலையும் இரவு பகலாக அதை வெளியே விடுகின்றன. இரண்டும் பெரிய தொகைகள், மிச்சம் சிறியது. சம்பள நாளில் பிடிப்பனவு போகக் கைக்கு வந்ததை எண்ணிப் பார்த்த எங்கள் அம்மாமாருக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

அந்தச் சிறிய மிச்சத்தில்தான் உலகம் தங்கியிருக்கிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, வளிமண்டலத்தில் பத்து இலட்சத்தில் 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. மனிதர் ஆண்டுதோறும் வெளியேற்றுவதில் ஒரு பகுதியை நிலம் எடுத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் இன்னும் கூடியிருக்கும்.

எங்கள் வெலிமடை மலைகளில் இதை அளப்பது கடினம். கோபுரக் கணக்கு சமதரைக்குப் பொருந்தும். இங்கே காற்று அசையாத குளிர் இரவுகளில் மண் விடும் வாயு, கருவிக்கு எட்டாமல் சரிவோடு பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடும். மழையிலும் அளவுகள் விட்டுப்போகும். அந்த இடைவெளிகளை, இவ்வளவு வெயிலுக்கு இவ்வளவு எடுக்கும், இவ்வளவு வெப்பத்துக்கு இவ்வளவு விடும் என்று கணித மாதிரிகளால் நிரப்புவார்கள். ஆனால் சமவெளிக் காட்டின் எண்களை எங்கள் தேயிலைக்கும், உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும், பத்தனாப் புல்வெளிக்கும் போடலாமா? அடுத்த கட்டில் நோயாளியின் அட்டையைப் பார்த்து இவருக்கு மருந்து எழுதுவது போலாகும்.

வரட்சிக் காலத்தில் பத்தனாவில் தீ ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். கிழங்கு போடக் கொத்திப் புரட்டிய கரிய மண்ணையும் பார்த்திருக்கிறோம். பழைய தேயிலையைப் பிடுங்கிய இடத்தில் மண் தேற, கௌதமாலாப் புல் வளர்த்ததையும் பார்த்திருக்கிறோம். இவை ஒவ்வொன்றும் இந்த மூச்சுக் கணக்கை மாற்றும். எத்தனை கன்று நட்டோம் என்று மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குத்தான். மண்ணில் இருந்ததை இழந்தோமா என்றும் பார்க்க வேண்டும்.

ஆகவே பழைய மாணவியராகிய நாம் ஒன்று செய்வோம். ஒரு மழைமானி, மண்ணில் வைக்கும் ஒரு வெப்பமானி, தடித்த அட்டைப் புத்தகம் ஒன்று – இவற்றைப் பாடசாலைக்குக் கொடுப்போம். மண்ணின் மேல் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து, வெளிவரும் வாயுவைக் காரத்தில் பிடித்து அளக்கும் பழைய முறையும் இருக்கிறது. ஆசிரியர் பக்கத்தில் நின்றால் உயர்தர மாணவியர் செய்யலாம். எங்கள் சுண்ணாம்பு நீரின் அடுத்த படி அதுதான்.

தோட்டத்து ஆபீசில் நாள் தவறாமல் மழை அளந்து எழுதியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே ஒழுங்கு போதும். கொழும்பிலோ, லண்டனிலோ, டொரொண்டோவிலோ இருக்கும் நம்மில் யார் ஊர் திரும்பினாலும், முதலில் அந்தப் புத்தகத்தைக் கேட்டுப் பார்ப்போம். விட்டுப்போன நாள் இருந்தால் தங்கைமார் எங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும்!