வாட்ச் காட்டும் எண்ணும் நம் ஞாபகமும்

(நம் குடியிருப்பின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளியூர்ப் பிள்ளைகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் இப்போது நம்மில் பலர் கையில் இருக்கிறது. அதில் எச்.ஆர்.வி. என்று ஓர் எண் வருகிறது. "அது குறைந்தால் மறதி நோய் வருமாமே?" என்று சிலர் பயந்துபோய்க் கேட்டார்கள். நான் டாக்டர் இல்லை, பேங்கில் கணக்கு எழுதியவன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நாடி நிமிடத்துக்கு 60 என்றால் அது சராசரிதான். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைவெளி 0.95 விநாடி, 1.04 விநாடி என்று மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் அளவுதான் எச்.ஆர்.வி. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலையேறும் டிரைவர் வளைவுக்குத் தகுந்தபடி ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் மாற்றி மிதிக்கிறார் அல்லவா? அதுபோல இதயத்தை முடுக்கச் சில நரம்புகள், நிதானப்படுத்த வேகஸ் என்ற நரம்பு. இரண்டுக்கும் உத்தரவு மூளையிலிருந்து வருகிறது.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து நாடுகளில் இதயநோய் ஆபத்துள்ள 3,500க்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. துடிப்பு மாறுபாடு குறைந்தவர்கள் சிந்தனைத் திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள். தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் அதுதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வயது ஏறினாலே இந்த எண் குறையும். தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் வந்தாலும், சர்க்கரை நரம்பைப் பாதித்தாலும் குறையும். கூடுதலாக இருந்தால் நல்லது என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பிலும் எண் கூடும். அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். துடிப்பு ஒழுங்காக இல்லை என்று வாட்ச் எச்சரித்தால் ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது 2024 லான்செட் கமிஷன். பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது மந்தம், பார்வைக் குறைவு, புகை, உடலுழைப்பு இல்லாமை, தனிமை எல்லாம் அதில் உண்டு. எச்.ஆர்.வி. இல்லை.

கண்ணாடியை வைத்த இடம் மறப்பது சகஜம். கட்டிய கரண்ட் பில்லை மறுபடி கட்டப் போவது, பழகிய பாஸ்புக்கைப் பார்த்துக் குழம்புவது, தெரிந்த வழியில் தடுமாறுவது வேறு. பணக் கணக்கில் தடுமாற்றம் மறதி நோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. "பென்ஷன் ஏறிடுச்சா?" என்று ஒரே நாளில் மூன்று முறை கேட்ட பெரியவர்களைக் கவுன்டரில் பார்த்திருக்கிறேன். "வயசாச்சு" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அப்படி விடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் இவற்றாலும் மறதி வரும். அதைச் சரிசெய்ய வழியுண்டு. கானா விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட ஒருவர் போய் நடந்ததை எடுத்துச் சொல்லுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். மாலை நடைக்குக் கிளம்பும்போது தனியாக இருப்பவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். நடையும் ஆச்சு, பேச்சுத்துணையும் ஆச்சு.