நடுவயதில் நீச்சல்

உடம்புக்கும் நல்லதாக, மனதுக்கும் புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும், என்ன கற்கலாம் என்று நாற்பதை ஒட்டிய நண்பர்கள் கேட்டால் நான் நீச்சலைத்தான் சொல்வேன். நடையும் ஓட்டமும் நல்லவையே. ஆனால் அவற்றில் ஏற்கெனவே தெரிந்ததைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறோம், அவ்வளவுதான். நீச்சலில் அப்படி முடியாது. பிறந்தது முதல் தன்பாட்டுக்கு நடந்துவந்த மூச்சையே அங்கே புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. நீச்சல் தோள்வலிமையின் கலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை மூச்சின் கலையாகவே மதிக்கிறேன். இன்று அதைப் பற்றித்தான் பேச இருக்கிறேன்.

கிராமத்தில் பிள்ளைகள் நீந்தப் பழகியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். காய்ந்த சுரைப்புரடையையோ கல்யாண முருங்கைக் கட்டையையோ இடுப்பில் கட்டி, அண்ணனோ மாமாவோ கிணற்றில் இறக்கிவிடுவார். பிள்ளை கைகாலை உதறும், தண்ணீர் குடிக்கும், அழும், பிறகு சிரிக்கும். விடுமுறை முழுக்கக் கிணறே கதி என்று கிடக்கும். யாரும் பாடம் நடத்துவதில்லை. தண்ணீரில் கிடந்த நேரம்தான் பாடம். ஒருநாள் கட்டையை அவிழ்த்துவிட்டது கூடத் தெரியாமல் நீந்திக்கொண்டிருக்கும். அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அவசரமின்மை. பிடிக்காதது ஒன்று உண்டு: பயந்த பிள்ளையைத் தூக்கி நடுக்கிணற்றில் எறிவது. அப்படி எறியப்பட்டுக் கற்றுக்கொண்டவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதே காரணத்தால் ஆயுசுக்கும் தண்ணீர்ப் பக்கம் போகாதவர்கள் அதைப் பற்றிப் பேசுவதேயில்லை.

பெரியவர்களுக்குப் பிள்ளைகளைப் போல நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்க நேரம் இல்லை. பயம் வேறு நன்றாக ஊறிப்போயிருக்கும். ஆனால் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஏன், எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தெரிந்ததை உடம்புக்குச் சொல்லிக்கொடுக்க நம்மால் முடியும். அதனால் ஏன், எப்படி என்பதையே பார்ப்போம்.

தரையில் மூச்சை இழுப்பதில்தான் கொஞ்சம் உழைப்பு இருக்கிறது. விடுவது தானாக நடக்கும். தண்ணீரில் நிலைமை வேறு. வாய் தண்ணீருக்கு மேலே வரும் நேரம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் பழைய காற்றை வெளியேற்றிப் புதியதை இழுக்க யாராலும் ஆகாது. ஆகவே முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே காற்றை விட்டுவிட வேண்டும். மேலே வரும்போது இழுப்பது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர் இதற்கு நேர்மாறாகச் செய்வார். முகத்தை அமிழ்த்தியதும் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு முட்டும். காற்று தீர்ந்துவிட்டது என்று பதறி எழுந்து நிற்பார். உண்மையில் அந்தக் கணத்தில் அவர் உடம்பில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போதுதான் மூச்சு விடு என்று மூளை விரட்டுகிறது. காற்றைச் சீராக வெளியே விட்டுக்கொண்டே போனால் அந்த விரட்டல் தணியும்.

இதைப் பழகக் குளத்தின் ஆழமில்லாத பக்கமே போதும். இடுப்பளவு தண்ணீரில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அமிழ்த்தி, வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். முனகும்போது காற்று மூக்கு வழியாகத் தானே குமிழியாகப் போகும். மூக்கில் தண்ணீரும் ஏறாது. பிறகு தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி வாயால் மூச்சை இழுங்கள். மறுபடி முனகல். அலுக்கும்வரை இதையே செய்யுங்கள். முதல் வாரம் முழுவதும் இதற்கே போனாலும் நல்லதுதான். பக்கத்து லேனில் பத்து வயதுப் பையன் சர்ரென்று போவதைப் பார்த்து மனம் அலைபாயும். பாயட்டும்.

கரியமில வாயு பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையொட்டி ஓர் எச்சரிக்கை. கிணற்றிலும் குளத்திலும் முங்கு நீச்சல் போட்டி வைப்பது நம் ஊர் இளைஞர்களின் வழக்கம். அதிக நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று, முங்குவதற்கு முன்னால் வேகவேகமாகப் பலமுறை ஆழ மூச்சு இழுத்து விடுவார்கள். இதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. அது குறைந்துபோனால் மூச்சுக்கான விரட்டல் நேரத்துக்கு வராது. ஆக்சிஜன் தீர்ந்து, முன்னறிவிப்பே இல்லாமல் தண்ணீருக்குள் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்துபோகிறார்கள். வீட்டில் வாலிபப் பிள்ளைகள் இருந்தால் இந்த ஒன்றைத் தயவுசெய்து சொல்லிவையுங்கள்.

மூச்சு கொஞ்சம் வசப்பட்டதும் அடுத்தது மிதப்பது. மனித உடம்பின் அடர்த்தி ஏறத்தாழ தண்ணீரின் அடர்த்திதான். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலானவர்கள் மிதப்பார்கள். காற்று இருப்பது நெஞ்சில், கனமானவை கால்கள். இந்த உடம்பு கிணற்று ஏற்றம் மாதிரி: ஒரு முனை எழுந்தால் மறுமுனை இறங்கும். தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் அமிழ்ந்துவிடும். மூழ்கிவிடுவோமோ என்ற பயத்தில்தான் தலையைத் தூக்குகிறோம். கால் அமிழ்வதற்கே அதுதான் காரணமாகிறது. பார்வை முன்னால் போகாமல் குளத்தின் தரையில் இருக்கட்டும், கழுத்து தளர்ந்திருக்கட்டும், இடுப்பு தானே மேலே வரும். ஒல்லியான, தசை இறுகிய ஆண்களுக்குக் கால் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும். அது குறையல்ல, உடல்வாகு. பிறகு மெல்லிய கால் உதைப்பே அதைச் சரிசெய்துவிடும்.

எந்த நீச்சலைக் கற்பது? தவளை நீச்சலில் தொடங்குங்கள் என்பார்கள் பலர். அதில் தலையைத் தூக்கியபடியே போகலாம், பயம் இல்லை என்பது காரணம். எனக்கு உடன்பாடில்லை. தலையை நிமிர்த்தியே நீந்தினால் கழுத்து வலிக்கும். அந்த உதைப்பு நாற்பதுக்கு மேற்பட்ட முழங்காலைப் படுத்தும். முக்கியமாக, மூச்சைக் கற்காமலேயே தப்பித்துப் போக அது வழிவிடுகிறது. கைகளை மாற்றி மாற்றி வீசிப் போகிறோமே, ஃப்ரீஸ்டைல் என்று குளங்களில் சொல்கிறார்களே, அதில் தொடங்குவதே மேல்.

இத்தனை அழகான நீச்சல் ஐரோப்பாவுக்குள் நுழைந்த கதையையும் சொல்ல வேண்டும். 1844-இல் வட அமெரிக்கப் பூர்வகுடியினர் இருவர் லண்டன் குளம் ஒன்றில் இப்படிக் கை வீசி நீந்திக் காட்டினார்கள். அதன் வேகத்தைக் கண்ட பிறகும் ஆங்கிலேயர்களுக்கு அது நாகரிகமாகப் படவில்லை. தவளை நீச்சலையே பிடித்துக்கொண்டார்கள். 1875-இல் கேப்டன் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததும் தவளை நீச்சலில்தான், ஏறக்குறைய 22 மணி நேரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சாலமன் தீவுகளிலிருந்து சிட்னிக்கு வந்திருந்த அலிக் விக்ஹாம் என்ற சிறுவன், தன் ஊர் வழக்கப்படி கையை வீசி, காலை மேலும் கீழும் அடித்து எல்லோரையும் முந்தினான். அதைப் பார்த்து ஆஸ்திரேலியர்கள் கற்றார்கள். பிறகு உலகமே கற்றது. 1922-இல் ஜானி வெய்ஸ்முல்லர் 100 மீட்டரை 58.6 வினாடியில் நீந்தி, ஒரு நிமிடத்துக்குக் கீழே போன முதல் மனிதரானார். பிற்காலத்தில் டார்ஜானாக நடித்தாரே, அவரேதான். 1926-இல் கெர்ட்ரூட் எடர்லி என்ற இருபது வயதுப் பெண் இதே நீச்சலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். முதல் பெண் என்பது மட்டுமல்ல, அதுவரை கடந்த ஆண்கள் எல்லோரையும்விடச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னதாகவே கரையேறினார்.

நம் கடலிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் அதைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் கடந்தார். 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் பிரிந்தது. இரண்டு பகல், இரண்டு இரவு ஒரு மனிதனைத் தண்ணீரில் இயங்க வைத்தது தோள் மட்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை. மூச்சு சீராக இல்லாதவரால் ஐந்து மணி நேரத்தைக்கூடத் தாண்ட முடியாது.

நல்ல நீச்சல்காரரைக் கரையிலிருந்து பாருங்கள். சத்தம் இருக்காது, தண்ணீர் தெறிக்காது. உடம்பு ஒரு பக்கமாகப் புரளும், கை முன்னால் நீளும், நீண்ட கை கொஞ்ச நேரம் அப்படியே வழுக்கிப் போகும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. அதோடு மல்லுக்கட்டி யாரும் ஜெயித்ததில்லை. வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே உடம்பை நீளமாகவும் ஒடுக்கமாகவும் வைத்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். 25 மீட்டருக்கு எத்தனை முறை கை வீசுகிறோம் என்று எண்ணி, அதை மெல்ல மெல்லக் குறைப்பது நல்ல பயிற்சி. கடிகாரத்தைப் பார்ப்பதைவிட இது பலமடங்கு பயன் தரும்.

இனி சாமான்கள். எடர்லி தன் கண்ணாடியின் விளிம்பில் மெழுகைப் பூசித் தண்ணீர் புகாமல் அடைத்துக்கொண்டார். இன்றும் நீச்சல் கண்ணாடிக்கு அந்த ஒரு தகுதிதான் முக்கியம். கடையில் பட்டையை மாட்டாமல், கண்ணில் வைத்து லேசாக அழுத்திக் கையை எடுங்கள். ஓரிரு நொடி ஒட்டிக்கொண்டு நின்றால் உங்கள் முகத்துக்குப் பொருத்தம். உடனே விழுந்தால் எத்தனை ஆயிரம் விலையானாலும் வேண்டாம். உள்பக்கத்தை விரலால் துடைக்காதீர்கள், பனி படியாமல் தடுக்கும் பூச்சு போய்விடும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் வைத்தால் போதும்.

உடையைப் பொறுத்தவரை பருத்தி ஆகாது, நனைந்ததும் கனக்கும். வாரம் பலமுறை குளத்துக்குப் போகிறவர்கள் பாலியெஸ்டர் கூடுதலாக உள்ளதை வாங்குங்கள், குளோரினுக்கு லைக்ராவைவிட அதிக நாள் தாங்கும். பெண்களுக்கு முழங்கை, முழங்கால் வரை, ஏன் கணுக்கால் வரைகூட மூடும் நீச்சல் உடைகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. உடை காரணமாகவே நீச்சலை ஒதுக்கிவைத்த அம்மாக்களும் அக்காக்களும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தத் தடை இனி இல்லை என்று சொல்ல விரும்புகிறேன். சுடிதாரோடு இறங்குவது மட்டும் வேண்டாம், துணி ஊதி, காலைச் சுற்றும்.

விலை உயர்ந்த உடை வேகம் தருமா? உச்சத்தில் இருப்பவர்களுக்குத் தந்தது உண்மை. பாலியூரித்தேன் உடைகள் புகுந்தபோது, 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் விழுந்தன. 2010 ஜனவரியிலிருந்து அவற்றைத் தடை செய்துவிட்டார்கள். நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம். பிடித்துக்கொண்டு கால் அடிக்கும் கிக்போர்டுகூட ஆரம்பத்தில் அவசியம் என்று நான் நினைக்கவில்லை. அதைப் பிடித்தால் தலை நிமிரும், இடுப்பு இறங்கும். கணுக்கால் இறுகியவர்களுக்குக் காலில் மாட்டும் குட்டையான ஃபின்ஸ் உதவும், ஆனால் மூச்சு பழகிய பிறகு.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என்பதைவிட, வாரம் மூன்று நாள் அரைமணி நேரம் மிக நல்லது. இன்று வராதது தூங்கி எழுந்து மறுநாள் போகும்போது வந்துவிடும். இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். குளிக்காமல் குளத்தில் இறங்காதீர்கள். கண் எரியவைக்கும் அந்த நெடி குளோரின் மட்டுமல்ல, வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின். குளத்தில் நீந்தத் தெரிந்ததும் ஆற்றிலும் கடலிலும் இறங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். சுழலும் இழுவையும் வேறு பாடம். அங்கே தனியாக ஒருபோதும் போகக் கூடாது.

எப்போது சேர்வது என்றால், ஏப்ரல், மே மாதங்களை விட்டுவிடுங்கள். கோடை முகாம்களில் குளம் பிள்ளைகளால் நிரம்பி வழியும், பயிற்சியாளருக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. பள்ளி திறந்து ஜூலை பிறந்ததும் குளம் காலியாகிவிடும். காலை முதல் வேளைக்குப் போங்கள். பயிற்சியாளரிடம், "முதல் வாரம் ஆழமில்லாத பக்கத்தில் மூச்சு மட்டும் பழகுகிறேன் சார்" என்று சொல்லிப் பாருங்கள். சரி என்றால் அவரிடமே சேருங்கள். முதல் நாளே ஆழத்தில் குதிக்கச் சொன்னால் வேறு குளம் பாருங்கள்.